சிறாம்பியடி மஞ்சா: நடையும் தரமும்

கப்ரிஞ்ஞா, பைலா, மஞ்சா என்ற மூன்று இசை வகைகளையும் நம் சங்கத்தாருக்குப் பிரித்துச் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் வயலினும் கிற்றாரும் கொண்டு கப்ரிஞ்ஞாவைக் காத்தார்கள். பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியான் அதிலிருந்து கோரஸ் பைலாவை எடுத்து நாடெங்கும் பரப்பினார். புத்தளம் சிறாம்பியடியின் மஞ்சாக் குழுவுக்கு மட்டும் அத்தகைய புகழ் வாய்க்கவில்லை.

பிரித்தானியரின் மூன்றாம் இலங்கைப் படைப்பிரிவில் இருந்த ஆபிரிக்கச் சிப்பாய்களின் வழிவந்தோர் இக்குழுவினர். இன்று வீட்டுப் பேச்சு சிங்களம்; பாட்டில்தான் போர்த்துக்கேயக் கிரியோல் உயிரோடிருக்கிறது. அத்திலாந்திக்கைக் கடந்த ஆபிரிக்கத் தாளம் ஜாஸ், ஃபங்க் என்று உலகம் சுற்றிற்று. இந்து சமுத்திரத்தைக் கடந்தது புத்தளத்து உப்பளக் கரையோடு நின்றுவிட்டது. யாழ்ப்பாண இசை விழா வரை போய்வந்த குழுவை உள்ளூர் விழாக்காரர் கூப்பிடுவது அபூர்வம்.

மஞ்சா உட்கார்ந்தபடிதான் தொடங்கும். றபான், சிரட்டைகள், போத்தலில் தட்டும் கரண்டி. சில வரிகளே பாட்டு. அவை திரும்பத் திரும்ப வரவர நடை சூடேறும், பிறகே எழுந்து ஆடுவார்கள். பெரும்பாலும் பெண்களே முன்நின்று நடத்துகிறார்கள்.

சங்கத்தின் மூத்த றபான் ஆசிரியர் தம் மாணவருக்கு வைத்த முதற் பாடமும் இந்தப் பொறுமையே. அவசரப்பட்டவன் கையிலிருந்து றபானை வாங்கித் தணலில் வாட்டத் தொடங்குவார். அவன் தாளத்தை வாயால் ஒழுங்காகச் சொல்லி முடிக்கும்வரை வாட்டல் ஓயாது. அவர் கையில் பழகியவன் அடித்தால், அடிக்கும் அடிக்கும் இடையிலுள்ள மௌனமும் கேட்கும்.

இன்று மேடையேறும் சிலரை நினைத்தே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. திறமைசாலிகள்தான், எவரையும் பெயர் குறித்துச் சொல்லவில்லை. ஆனால் ஓர்கனில் ஒரு பொத்தானை அமத்தினால் தாளம் உச்ச வேகத்திலேயே பிறக்கிறது. ஏறுவதற்குப் படியே இல்லை. றபான் சும்மா கிடக்கிறது. சிரட்டையை மைக்கில் கேட்கவே முடிவதில்லை. நடை தெரியாமல் வேகத்தை மட்டும் பிடித்தவர்களே பரிசு வாங்குகிறார்கள், நடுவராகவும் இருக்கிறார்கள். ஐந்தே நிமிடம் என்று நேரம் ஒதுக்கும் ஏற்பாட்டாளர் பொன்னாடைக்கு முக்கால் மணி கொடுக்கிறார். அண்மையில் ஒரு விழாவில் மஞ்சா சூடேறும் தறுவாயில் மணியடித்து நிறுத்தினார்கள். சபை கைதட்டியது, எழுந்து ஆடவிருந்த பெண்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப்போனார்கள். நம் சங்கத்தின் அடுத்த ஆண்டுவிழாவில் சிறாம்பியடிக் குழுவுக்கு முழுதாக அரை மணி நேரம், ஓர்கன் இல்லாமல், ஒதுக்கப்பட வேண்டும். செயற்குழு இதைத் தீர்மானமாகவே எடுக்கட்டும்.