ஒரே கரை, இரண்டு கூட்டம்

1867 கோடையில் குளோத் மோனே, பிரான்சின் லு ஆவ்ர் நகரை ஒட்டிய செயின்ட்-அத்ரெஸ் கடற்கரையை ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு ஓவியங்களாக வரைந்தார். சிகாகோவில் இருப்பதில் மேகமூட்டம், உள்வாங்கிய கடல், கரையேற்றிய மீன்பிடிப் படகுகள், மீனவர்கள். நீரோரம் உட்கார்ந்திருக்கும் இருவர் மட்டும் வசதிக்காரர்கள். ஒருவர் தொலைநோக்கியில் கடலைப் பார்க்கிறார். நியூயார்க்கில் இருப்பதில் பளிச்சென்ற வெயில், ஏறிய கடல், வெள்ளைப் பாய் விரித்த பந்தயப் படகுகள், நன்றாக உடுத்தி வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

1847இல் பாரிஸிலிருந்து லு ஆவ்ருக்கு ரயில் வந்தபின், பிழைப்புக்கான கரை பொழுதுபோக்குக்கும் ஆனது. அந்த மாற்றத்தைத்தான் இந்த ஓவிய ஜோடி காட்டுகிறது. இனி எந்தக் கடலோவியத்திலும் அலையை ரசித்துவிட்டு, கரையில் யார் உழைக்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார் என்றும் பாருங்கள்.