ஒரு வீடு, ஒரு டார்ச் லைட்

ராஜபாளையத்தில் பிறந்த விஜய் சேதுபதியைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுசேர்த்த படங்களில் ஒன்று, 2012இல் வந்த ‘பீட்சா’. கார்த்திக் சுப்பராஜின் முதல் படம். ஆளில்லாத பங்களாவில் மாட்டிக்கொள்ளும் பீட்சா டெலிவரி இளைஞன்; கையில் ஒரு டார்ச் லைட். அந்த வெளிச்ச வட்டம் விழும் இடம் மட்டுமே நம் கண்ணுக்குத் தெரியும். சுவர், படிக்கட்டு, மறுபடியும் சுவர். மிச்ச இருட்டைப் பார்ப்பவரே பேய்களால் நிரப்பிக்கொள்வார். சிறு முதலீட்டுப் படத்துக்கு இதைவிட நல்ல செட் கிடைக்காது!

இப்படி ஓடிய படத்துக்கு அடுத்த பாகம் எடுத்தால், அதே ஹீரோவைத்தான் யாரும் தேடிப் போவார்கள். ராகவா லாரன்ஸின் ‘முனி’ வரிசை அப்படி வளர்ந்ததுதான். தயாரிப்பாளர் சி.வி.குமாரோ பெயரை வைத்துக்கொண்டு கதை, இயக்குநர், நாயகன் மூன்றையும் மாற்றினார். துணிச்சலான முடிவு. 2013 நவம்பரில் ‘பீட்சா 2: வில்லா’ வந்தது. இயக்கம் தீபன் சக்கரவர்த்தி, நாயகன் அசோக் செல்வன். இசைக்குச் சந்தோஷ் நாராயணன் தொடர்ந்தார்.

மறுபடியும் ஒரு வீடுதான், ஆனால் பயம் வேறு. அப்பா நாசர் விட்டுச்சென்ற பாண்டிச்சேரி வில்லாவில், மறைவான அறையில், அவர் வரைந்த ஓவியங்கள். குடும்பத்தில் பின்னால் நடக்கப்போவதெல்லாம் அவற்றில் முன்கூட்டியே இருக்கிறது. காட்டுவதற்குப் பெரிய செலவில்லை. ஒரு ஓவியம், அதைப் பார்த்து வெளிறும் ஒரு முகம். அடுத்த ஓவியத்தில் என்ன இருக்குமோ என்று அடிவயிறு கலங்கிவிடும்.

2023இல் மோகன் கோவிந்த் இயக்கத்தில், அஸ்வின் காக்குமனு நடிப்பில் ‘பீட்சா 3: தி மம்மி’ வந்தபோது அமானுஷ்யம் ஓர் உணவகத்துக்கு இடம்மாறியிருந்தது. முதல் இரண்டைப் பார்க்காதவரும் நேராக அதில் போய் உட்காரலாம்.