ஈரோட்டில் பிறந்தவரின் எண்

1999இல் வந்த 'ஃபியூச்சராமா' என்ற அமெரிக்க நகைச்சுவை கார்ட்டூனில், பெண்டர் என்னும் ரோபோவுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வருகிறது. அவனைத் தயாரித்த இயந்திரம் அனுப்பியது. அதில் அவன் 1729ஆவது மகன். கண் இமைத்தால் தவறிவிடும் காட்சிதான். ஆனால் அந்த 1729 நம் ஈரோட்டில், 1887 டிசம்பர் 22 அன்று பிறந்த கணித மேதை ராமானுஜனின் எண். 10இன் கனம் 1000, 9இன் கனம் 729, கூட்டினால் 1729. 12இன் கனமான 1728உடன் 1இன் கனத்தைக் கூட்டினாலும் அதே 1729. இப்படி இரண்டு விதமாகப் பிரியும் மிகச் சிறிய எண் இதுதான் என்று நோய்ப் படுக்கையிலிருந்தே கணிதவியலாளர் ஹார்டியிடம் சொன்னார் அவர்.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொரு காட்சி. பெண்டரும் ஃப்ளெக்சோ என்னும் இன்னொரு ரோபோவும் தங்கள் வரிசை எண்களைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்: 2716057, 3370318. பின்னதைப் பாதியாக்கிப் பாருங்கள்: 1685159. அது 119இன் கனம். முன்னது 952இன் கனத்திலிருந்து 951இன் கனத்தைக் கழித்தால் கிடைப்பது. தெரியாதவருக்கும் சிரிப்பு வரும்; தெரிந்தவருக்கு விருந்து.

இத்தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான கென் கீலர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2010இல் ஓர் அத்தியாயத்தின் முடிச்சை அவிழ்க்கவே புதிதாக ஒரு தேற்றத்தை நிறுவினார். வேடிக்கைக்கு இவ்வளவு உழைப்பு!

ஈரோடு, கோவை ஆசிரியர்களே, ராமானுஜனின் பிறந்த நாளான தேசியக் கணித நாளில் அந்த இரண்டு ரோபோக்களின் எண்களையும் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.