காரகல்லா யாரைப் பார்க்கிறான்?

ரோம நாணயம் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது கோவை, கரூர் பக்கம் கிடைத்த தங்கம், வெள்ளிக் காசுகள்தான். ஆனால் பேரரசின் கிழக்குப் பகுதி நகரங்கள் தங்கள் பேரிலேயே, கிரேக்க எழுத்தில், வெண்கலக் காசுகளையும் அடித்துக்கொண்டன. இவை மாகாண நாணயங்கள். பெரும்பாலும் அந்த ஊர், சுற்றுவட்டாரத்தோடு நின்றுவிடும் சில்லறை.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, இன்றைய துருக்கியின் முலா மாகாணத்தில் இருந்த ஸ்ட்ராட்டோனிகேயா ஊரின் காசு. உள்ளங்கையை அடைக்கிற பெரிய வெண்கலம். முன்பக்கத்தில் காரகல்லாவும் தம்பி கெட்டாவும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்க வேண்டும். அடித்தபோது அப்படித்தான் இருந்தது.

கி.பி. 211 பிப்ரவரியில் அப்பா செப்டிமியஸ் செவரஸ் இறந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஆண்டார்கள். அதே வருடம் டிசம்பரில் அண்ணன் தம்பியைக் கொல்ல வைத்தான். அம்மா கையிலேயே உயிர் போனது என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. பிறகு கெட்டாவின் பெயரும் உருவமும் எங்கும் இருக்கக் கூடாது என்று உத்தரவு.

ஸ்ட்ராட்டோனிகேயாவில் காசுகளையெல்லாம் உருக்கிவிடவில்லை. தம்பியின் முகத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, மீண்டும் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். பல காசுகளில் 'கடவுளுடைய' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை முத்திரையாகவும் குத்தியிருக்கிறார்கள். இப்போது அதில் காரகல்லா வெறும் பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

காசு சேகரிப்பவர்களின் வழக்கமான கணக்கில் கீறலும் சுரண்டலும் குறைதான். தேயாத, பளபளப்பான காசுக்குத்தான் மதிப்பு. இந்தக் காசுக்கு அந்த அளவுகோல் சரிப்படாது. அச்சு காட்டுவது அரச குடும்பம் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதை. சுரண்டல் காட்டுவது, தலைநகரிலிருந்து வெகுதூரத்தில் ஒரு சின்ன ஊர் அந்த உத்தரவை எப்படி எடுத்துக்கொண்டது என்பதை. அது விசுவாசமா, பயமா? உளி பிடித்தவர் யார்? அது காசில் எழுதியில்லை. ஆனால் ஒருவர் உட்கார்ந்து, அண்ணன் முகத்தில் உளி படாமல், ஒவ்வொரு காசாகச் செய்திருக்கிறார். அந்தக் கவனம் இன்னும் தெரிகிறது.

ரோமில் செவரஸ் வளைவில் இருந்த கெட்டாவின் பெயரையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு புகழ்ச்சொற்களைப் போட்டு நிரப்பினார்கள். அண்ணாந்து கூர்ந்து பார்த்தால்தான் பழைய எழுத்தின் ஆணித்துளைகள் தெரியும். காசில் நிரப்ப யாரும் மெனக்கெடவில்லை. அதனால்தான் அதைப் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்பது, "எதிரே இருந்தது யாரு?" என்று.