கண்டி வீழ்ந்த கதையும் கதைக்குள் வராத கடற்கரையும்

அரசுகள் அழிந்த கதையைச் சொல்ல வருவோர், அழிவின் பழியை ஒரு மனிதனின் தலையில் ஏற்றிவிட்டு அமைதி கொள்வதைப் பல நாடுகளிலும் காண்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சீனப் பேரரசு ஏன் தளர்ந்தது என்று வினவினால், அபின் புகைத்து மயங்கிக் கிடந்த சீனனையும், திரைக்குப் பின்னாலிருந்து ஆண்ட பேரரசியையும் சுட்டிக்காட்டுவோர் இன்றும் உளர். அபினை ஏற்றிவந்த கப்பல் யாருடையது, அது ஏன் வந்தது என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை. எமது நாட்டின் கடைசி முடியரசாகிய கண்டியின் வீழ்ச்சியும் இவ்வாறே சொல்லப்பட்டு வருகிறது. எம் மாணவர் பரீட்சைத் தாளில் எழுதும் விடையும், மேடையிலும் திரையிலும் அவர்கள் காணும் கதையும் பெரும்பாலும் ஒன்றே: கொடுங்கோலன் ஒருவன் இருந்தான், பிரதானிகள் வெகுண்டனர், வெள்ளையன் வந்தான்.

சிங்கள இலக்கியத்தில் இக்கதை, நிகழ்ச்சியின் சூடு ஆறுவதற்கு முன்பே உருப்பெற்றுவிட்டது. ‘கிரல சந்தேசய’ என்னும் தூதுக் காவியமும் ‘வடிக ஹட்டன’ என்னும் போர்ப்பாட்டும் எகலப்பொல என்னும் பிரதானியைப் போற்றி, சிறீ விக்கிரம ராசசிங்கனை இகழ்கின்றன. 1739 முதல் கண்டியை ஆண்டவர்கள் தென்னிந்திய நாயக்கர் வழியினர். ஆகவே அரசன் ‘வடுகன்’, அந்நியன். கொடுமையும் அந்நியமும் ஒன்றாக முடிச்சிடப்பட்டது இங்கேதான். தமிழிலோ கண்டிராசன் கதை நாடகமாகி மேடையேறியது. எம் காலத்தில் சுனில் ஆரியரத்தினவின் ‘எகலப்பொல குமாரிகாமி’ (2014) பிரதானியின் மனைவியை நடுவில் நிறுத்தியது. தேவிந்த கோங்ககேயின் ‘கிரிவெசிபுர’ (2018) அரசனை நடுவில் நிறுத்தியது. நடுவில் நிற்பவர் மாறினும் களம் மாறவில்லை. அரண்மனையும் வளவும் வாவிக்கரையுமே உலகம்.

1814இல் எகலப்பொலவின் மனைவியும் மக்களும் கொல்லப்பட்ட நிகழ்ச்சி மனித நெஞ்சம் தாங்கமுடியாதது. அதனைச் சிறிதாக்கிக் காட்ட நாம் வரவில்லை. சிறுவனொருவன் அஞ்சாமல் முன்வந்து தலைகொடுத்தான் என்பதும், தாய் உரலும் உலக்கையுமாக நிறுத்தப்பட்டாள் என்பதும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு, கேட்டோர் கண்ணீர் விட்டிருக்கின்றனர். ஆனால் அக்கண்ணீர் யாருக்குப் பயன்பட்டது என்பதையும் விமரிசகன் கேட்டாக வேண்டும். படையெடுப்புக்கு நியாயம் தேடிக்கொண்டிருந்த தேசாதிபதி பிரவுன்றிக்குக்கு அரசனின் கொடுமையே தக்க பிரகடனமாயிற்று. அதே கால அளவில், ஓர் உப்பு மூட்டைக்காகவும் ஒரு மரக்கால் நெல்லுக்காகவும் மலைப்பாதையில் மடிந்தவர்களைப் பாட எந்தப் புலவரும் முன்வரவில்லை.

கொடுங்கோல்தான் காரணமென்றால் பின்வரும் வினாவுக்கு விடை வேண்டும். 1803இல் ஆங்கிலேயப் படை கண்டி நகருக்குள் புகுந்தது. முத்துசாமி என்பவனை அரியணையில் ஏற்றியது. ஆறு திங்களுக்குள் காய்ச்சலும் காடும் கண்டிப்படையும் சேர்ந்து அப்படையை அழித்தன. மறு ஆண்டு, 1804 செப்டெம்பரில், கப்டன் ஆதர் ஜோன்ஸ்ரன் ஏறத்தாழ 300 பேருடன் எமது மட்டக்களப்பிலிருந்தே புறப்பட்டு கண்டியை அடைந்தான். வரவேண்டிய ஏனைய படைகள் வராமையாற் போரிட்டுப் போரிட்டுத் திருகோணமலைக்குத் தப்பினான். 1815இலோ எட்டுப் பிரிவுகளாக வந்த படைகள் சொல்லத்தக்க எதிர்ப்பேதும் இன்றித் தலைநகரைப் பிடித்தன. பெப்ரவரி 18ஆம் நாள் அரசன் சிறைப்பட்டான். மார்ச் 2ஆம் நாள் பிரதானிகள் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டனர். அரசன் அதே அரசன். மலையும் கணவாயும் மழையும் காய்ச்சலும் அவையே. பன்னிரண்டு ஆண்டுகளில் மாறியது எது?

விடை தேட 1815இலிருந்து முன்னோக்கிப் போகாமல் பின்னோக்கி 1766க்குப் போக வேண்டும். கீர்த்தி சிறீ ராசசிங்கனின் காலத்தில் ஒல்லாந்தர் கண்டி நகரைச் சூறையாடி, மறு ஆண்டு பெப்ரவரியில் ஓர் உடன்படிக்கையை அரசன்மேல் திணித்தனர். அதன்படி தீவைச் சுற்றிய கடற்கரை முழுவதும் ஒல்லாந்தக் கொம்பனியின் உடைமையாயிற்று. அதுவரை மட்டக்களப்பும் கொட்டியாரமும் புத்தளமும் கண்டிக்கு உலகத்தைக் காட்டிய சாளரங்கள். அவை அடைபட்டதும் கண்டி ஒரு மலைச்சிறையாயிற்று. உப்பை அள்ளவும் அயலவன் அளிக்கும் அனுமதி வேண்டியதாயிற்று. உப்பும் கருவாடும் புடைவையும் கடற்கரையிலிருந்தே மலைக்கு ஏற வேண்டும். பாக்கும் மிளகும் மலையிலிருந்து இறங்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தின் வாயிலில் நிற்பவனே அரசின் கழுத்தைப் பிடித்தவன்.

இதே உடன்படிக்கையில் இன்னொரு விதியும் உண்டு. கண்டி மன்னன் முன்னிலையில் ஒல்லாந்தத் தூதர் மண்டியிட்டு வணங்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. 1793இல் சீனப் பேரரசன் முன்னிலையில் மக்கார்ட்னி பிரபு நிலத்தில் தலைபட வணங்க மறுத்த நிகழ்ச்சியை உலக வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே கண்டியில் இவ்வழக்கு தீர்க்கப்பட்டுவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. வணக்கம் போனதைக் குறித்து அரசவைகள் வருந்தின. துறைமுகம் போனதன் பொருளை அவை முழுதும் உணர்ந்தனவா என்பது ஐயமே.

சீனத்தின் கதை அளவாற் பெரிது; தன்மையால் வேறன்று. தேயிலைக்கு வெள்ளி கொடுத்து அலுத்த ஆங்கிலேயர் வங்காளத்து அபினைக் கந்தோனில் இறக்கினர். வெள்ளி திரும்பி ஓடத் தொடங்கியது. 1839இல் லின் சேசூ என்னும் ஆணையாளர் 20,000க்கு மேற்பட்ட அபின் பெட்டிகளை அழித்தார். அதன் விலையாக 1842இல் நான்கிங் உடன்படிக்கை வந்தது: ஐந்து துறைமுகங்கள், ஹொங்கொங், 21 மில்லியன் வெள்ளி டொலர். சுங்க வரியை உயர்த்தும் உரிமைகூடப் பேரரசனுக்கு இல்லை. பின் தைப்பிங் கிளர்ச்சி (1850–1864) எழுந்தபோது அதை அடக்கியவை மாகாணப் பெருந்தலைகள் திரட்டிய படைகளே. அன்று மாகாணங்களின் கைக்குப் போன படையும் வரியும் நடுவண் அரசுக்கு முழுதாக மீளவில்லை. கடல்வாயிலை அயலவனும் உள்நாட்டு வருவாயை நிலப்பிரபுவும் பங்கிட்டுக்கொண்டால் அரியணையில் மிஞ்சுவது பட்டுத்துணியே. வேறுபாடு ஒன்று உண்டு. சீனம் எந்த ஒரு வல்லரசும் தனித்து விழுங்க முடியாத அளவினது. ஆகவே 1911 வரை இழுபட்டது. கண்டி ஒரே வாய்க்கு அளவானது.

கண்டியின் நிலப்பிரபுக்கள் யார்? திசாவைகளும் அதிகாரிமாருமே. நிலமும் இராசகாரிய ஊழியமும் அவர்களின் கைவழியாகவே அரசனை அடைந்தன. கடல் வருவாய் வற்றியபின் அரசனுக்கும் அவர்களுக்கும் இடையே எஞ்சிய சிறு வருவாயைக் குறித்த இழுபறியே மூண்டது. விக்கிரம ராசசிங்கன் அவர்களின் அதிகாரத்தைக் குறைக்க முயன்றான். அதே வேளை கண்டி வாவியை வெட்ட மக்களின் முதுகை ஒடித்தான். மேலே உள்ளவர்களையும் கீழே உள்ளவர்களையும் ஒருங்கே பகைத்த அரசன் அவன். கொழும்பிலிருந்த ஜோன் டொயிலி பிக்குகள், வணிகர், பிரதானிகள் ஆகியோர்வழி இவற்றையெல்லாம் நாள்தோறும் அறிந்து குறித்து வந்தான். 1917இல் அச்சேறிய அவனது நாட்குறிப்பைப் படிப்போர், 1815இல் துப்பாக்கிக்கு ஏன் வேலையிருக்கவில்லை என்பதை உணர்வர்.

இனி, கதைக்குள் வராத எமது கடற்கரை. 1626இற் போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களுள் 4,000 பேரைச் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்று குவேறோஸ் பாதிரியார் எழுதுகிறார். அந்நியன், அகதி, மண்ணின் மைந்தன் என்னும் சொற்களை எளிதாக வீசுவோர் இச்செய்தியை நினைத்தல் நன்று. முஸ்லிம் தவளக்காரர் பொதிமாடுகளை ஓட்டிக் கடலையும் மலையையும் இணைத்தனர். கண்டி அரசில் இப்போக்குவரத்துக்கென ‘மடிகே’ என்னும் தனிப் பிரிவே இருந்தது. அதில் ஊழியஞ் செய்தோரிற் பலர் முஸ்லிம்கள். அரண்மனைக்குள் நிகழும் நாடகத்தில் இவர்களுக்கு வேடமில்லை. ஆனால் அரண்மனையின் அடுப்பில் வெந்த சோற்றின் உப்பு இவர்களின் மாடுகள்மீது ஏறி வந்தது.

புலவர்கள் காணாததை ஆங்கிலேயர் கண்டனர். 1817இல் வெல்லச மடிகேயின் முகாந்திரமாக ஹாஜி மரிக்காரை அவர்கள் நியமித்தது, முஸ்லிம்கள்மீது கொண்ட பரிவினால் அன்று. பொதிமாட்டுப் பாதையைத் திசாவையின் பிடியிலிருந்து பிரித்தெடுத்தால் திசாவையின் வலிமை பாதியாகும் என்ற கணக்கே அது. அந்நியமனம் பிரதானிகளின் சினத்தைக் கிளறியது. ஊவா – வெல்லசக் கிளர்ச்சி வெடித்தது. ஹாஜி மரிக்கார் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அன்று முதல் அவரது பெயர், வெள்ளையனுக்குத் துணைபோன முஸ்லிம் என்பதற்கு எடுத்துக்காட்டாக நிற்கிறது. 1815 மார்ச்சில் நாட்டையே எழுதிக் கொடுத்தோரின் ஒப்பங்களோ பிரதானிகளின் ஒப்பங்கள் என்ற மதிப்புடன் நூல்களில் அச்சிடப்படுகின்றன. இந்த ஏற்றத்தாழ்வான நினைவை எமது வகுப்பறைகளிற் கேள்விக்கு உட்படுத்தாமல் விட்டால், கல்முனைப் பிள்ளை தன் நாட்டு வரலாற்றைப் படிக்கும்போது தன்னை ஒன்றிற் காணமாட்டான். அன்றேல் துரோகியாகக் காண்பான்.

எகலப்பொலவும் தப்பவில்லை. ஆங்கிலேயர் அவனையே ஐயுற்று 1825இல் மொறீசியசுக்கு நாடுகடத்தினர். 1829இல் அங்கேயே இறந்தான். வேலூரிற் சிறையிருந்த அரசன் 1832இல் மறைந்தான். கிளர்ச்சி எரிந்துகொண்டிருந்த 1818இலேயே பிரவுன்றிக் இன்னொரு பிரகடனத்தால், கண்டிப் பகுதி முஸ்லிம்களைச் சிங்களப் பிரதானிகளின் ஆட்சியிலிருந்து நீக்கித் தம்மவரான தலைவர்களின் கீழ் வைத்தான். உழவனும் அவனது நெல்லுக்கு உப்பு மாற்றிய தவளக்காரனும் அன்று முதல் வேறு வேறு தலைவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவராயினர்.