வழுவும் வழுவமைதியும்
இணைய விளையாட்டில் பிழைக்கு வந்த பெருவிலை

பிழை என்பது களையத்தக்கது என்பதே உலகத்தார் துணிபு. நெல்லிடையே புல்லைக் களைவது உழவர் தொழில்; சொல்லிடையே பிழையைக் களைவது ஆசிரியர் தொழில். ஆயின், இக்கால இளைஞர் ஈடுபடும் கணினி விளையாட்டுகளில் இம்முறை தலைகீழாக நிற்கக் காண்கிறோம். ஆங்கே பழுதற்ற பொருளினும் பழுதுற்ற பொருள் சிலபோது மிக்க விலை பெறுகின்றது. நெறி பிறழ்ந்த காட்சி அழகெனப் போற்றப்படுகின்றது. மேலைநாட்டுக் கலை ஆய்வாளர் இதனைக் 'கிளிட்ச்' அழகியல் என்பர். கணினி நிரலில் நேரும் பிழையைத் தமிழில் எழுதுவோர் 'வழு' என்னும் இலக்கணச் சொல்லாலேயே குறிக்கின்றனர். சொல்லைக் கடன் கொண்டோர் அச்சொல்லின் பின் நிற்கும் ஆராய்ச்சியையும் கொள்ளுதல் முறையாகும்.

பாயான் லெப்பாஸில் பிழையின் நிலை

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் 1972-ஆம் ஆண்டு தடையற்ற வணிக வட்டாரம் தோன்றியது. நெல் விளைந்த நிலத்தில் ஆலைகள் எழுந்தன. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்கூடத்தை அவ்வாண்டில் அங்குதான் அமைத்தது. கணினிச் சில்லுகளைப் பொதிவதும் சோதிப்பதும் அதன் பணி. சோதனை என்பது பிழை தேடும் தொழில் அன்றோ? அங்கே வழு என்பது இழப்பு. அதற்கு வேறு பொருள் இல்லை.

எனினும், சில்லுத் தொழிலிலும் பிழையனைத்தும் குப்பைக்குச் செல்வதில்லை. 2006-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 என்னும் விளையாட்டுப் பெட்டியின் சில்லில் எட்டுத் துணைக் கூறுகள் உண்டு. அவற்றுள் ஏழே பயன்படுமாறு அப்பெட்டி அமைக்கப்பட்டது. ஒன்று பழுதாயினும் சில்லை எறிய வேண்டாம் என்பதே காரணம். குறையை முன்னரே கருதி அதற்கு இடம் விட்டு வைத்தனர்.

1994-இல் இன்டெலின் பென்டியம் சில்லில் வகுத்தற் கணக்குப் பிழை ஒன்று வெளிப்பட்டது. உள்ளிருந்த 1,066 கட்ட வாய்பாட்டில் ஐந்து எண்கள் விடுபட்டமையே அதன் வேர். நிறுவனம் 47 கோடியே 50 இலட்சம் டாலரை இழப்பாகக் கணக்கிட்டது. பின்னர் அப்பிழையுள்ள சில்லுகளைச் சாவிக்கொத்தில் பதித்துத் தன் ஊழியர்க்கு நினைவுப் பொருளாக அளித்தது. கணக்கிடும் கருவியாகத் தோற்ற பொருள், படிப்பினையாக மதிப்புற்றது. பயன் மாறிய இடத்தில் மதிப்பும் மாறியது என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

இலக்கணம் காட்டும் அளவுகோல்

பிழையைக் கண்ட இடத்தே அடித்துத் தள்ளுவதோடு தமிழிலக்கணம் நின்றுவிடவில்லை. வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாக வகுத்தது. இலக்கண நெறியில் நிற்பது வழாநிலை. நெறி தவறியது வழு. நெறி தவறினும் தக்க காரணம் பற்றி ஏற்கப்படுவது வழுவமைதி. பசுவை நோக்கி 'என் அம்மை வந்தாள்' என்பது திணை வழு. ஆயின் உவப்பினால் அவ்வாறு கூறப்பட்டமையின் அஃது அமைதி பெற்றது. காரணமின்றி வழுவமைதி இல்லை என்பதைத் தமிழாசிரியர் நன்கறிவர்.

இதனினும் ஒருபடி மேற்சென்றதும் உண்டு. 'இல்முன்' என்பது முன்பின் மாறி 'முன்றில்' என வழங்குகிறது. தஞ்சாவூர் சிதைந்து தஞ்சை ஆயிற்று. இலக்கணப் போலி என்றும் மரூஉ என்றும் இவற்றுக்குப் பெயரிட்டு, இயல்பு வழக்கினுள் இடமளித்தனர் முன்னோர். இன்று முன்றிலைப் பிழை என்பார் எவருமிலர்.

மூவகை வழு

இவ்வளவுகோலைக் கொண்டு விளையாட்டுப் பிழைகளை அளத்தல் வேண்டும்.

முதலாவது, கேடு செய்யும் வழு. 2005 செப்டம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டில், ஓர் அரக்கனோடு பொருவோரை மட்டும் தாக்க வேண்டிய நோய் நிரற்பிழையால் நகரங்களுக்குள் பரவியது. வலிமை குன்றிய ஆட்டக்காரர் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். தொற்றுநோய் ஆய்வாளர்க்கு அது பின்னர் உதவிற்று என்பது உண்மையே. ஆயினும் ஆட்டத்தைக் கெடுத்தமையின் அது வழுவே. நிறுவனம் அதனைத் திருத்தியது.

இரண்டாவது, அமைதி பெற்ற வழு. 1978-இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில், பகைவர் தொகை குறையக் குறைய எஞ்சியோர் விரைந்து நகர்வர். இஃது ஆசிரியர் நினைந்து அமைத்ததன்று. திரையில் வரைய வேண்டியவை குறைந்ததால் அக்காலச் சில்லின் வேகம் கூடியது, அவ்வளவே. ஆட்டம் அதனால் சுவை பெறக் கண்ட ஆசிரியர் அதனை அவ்வாறே விட்டார். 1991-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆட்டத்தில் ஓரடி முடியுமுன் மற்றோரடி தொடரும் வழி, முன்னரே எண்ணி அமைத்ததன்று. தயாரிப்பாளர் அதனைக் கண்டும் நீக்கவில்லை. இன்று அடுக்கடி இல்லாத சண்டை ஆட்டத்தைக் காண்டல் அரிது. இவை கணினியின் முன்றில்கள்.

மூன்றாவது, போலி வழு. இதற்குச் சான்று நம் காந்தியடிகள் பெயராலேயே உண்டு. 1991-இல் சிட் மெயர் ஆக்கிய 'சிவிலைசேஷன்' ஆட்டத்தில் இந்தியத் தலைவராகக் காந்தி வருவார். அவருடைய போர்க்குணம் மிகக் குறைந்த எண்ணாகிய ஒன்று. மக்களாட்சி மேற்கொண்டதும் அதில் இரண்டு கழிய, எண் சுழியத்துக்குக் கீழிறங்கி 255 ஆகச் சுழன்றுவிட்டது. ஆதலின் அவர் அணுகுண்டு வீசலானார் என்று ஒரு கதை உலகெங்கும் பரவிற்று. 2020-இல் வெளியிட்ட தன் நினைவு நூலில் சிட் மெயர், அப்படியொரு பிழை என்றும் இருந்ததில்லை என மறுத்தார். 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ, அணுகுண்டு நாட்டம் பத்தே உச்சமாக இருக்கவும், காந்திக்கு மட்டும் நகைச்சுவையாகப் பன்னிரண்டு இடப்பட்டிருந்தது. இல்லாத பிழைக்குப் புகழும், வேண்டுமென்று செய்ததற்குப் பிழையின் தோற்றமும் வாய்த்தன.

கலையாய்விலும் இவ்வேறுபாடு உணரப்பட்டுள்ளது. 2004-இல் இமான் மொராதி என்பார் தம் ஆய்வேட்டில், தானே நேர்ந்த பிழையையும் பிழைபோலப் புனைந்ததையும் பிரித்துக் காட்டினார். முன்னதில் பொறியின் இயல்பு வெளிப்படுகின்றது. பின்னதில் வெளிப்படுவது செய்தவரின் எண்ணம் மட்டுமே.

தேயாத தேய்வு

இனி விலையைப் பற்றிக் காண்போம். 'கவுன்ட்டர் ஸ்டிரைக்' ஆட்டத்தில் துப்பாக்கிகளுக்குப் பூசும் வண்ண மேற்பூச்சுகளை 'ஸ்கின்' என்பர். 2013 முதல் இவை விற்கவும் வாங்கவும் படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் ஒன்று வரை ஒரு தேய்வு எண் உண்டு. எண் குறையின் புதுமை மிகும். விலையும் பொதுவாக மிகும். ஆயின் 2014-இல் வந்த 'ஆசீமோவ்' என்னும் பூச்சு ஒரு விலக்கு. அதன் தேய்வு எண் ஒன்றை நெருங்குங்கால், துப்பாக்கியின் தொலைநோக்கிப் பகுதி முற்றும் கறுத்துவிடும். சேகரிப்போர் இக்கறுப்பை நாடி, அதனினும் குறைவாகத் தேய்ந்தவற்றைக் காட்டிலும் மிகுதியாகப் பொருள் கொடுப்பர்.

இத்தேய்வின் இயல்பை உற்று நோக்குதல் வேண்டும். தோட்டத்தில் நாற்பதாண்டு பால்மரம் வெட்டிய கத்தி தேய்ந்திருக்கும். அத்தேய்வில் ஒரு கையின் உழைப்பு உண்டு. ஆயிரம் விடியற்காலைகள் உண்டு. ஸ்கினின் தேய்வோ பொருள் பிறக்கும்போதே குலுக்கலால் அமைவது. ஆயிரம் ஆட்டம் ஆடினும் மேலும் தேயாது. ஒருமுறையும் ஆடாவிடினும் குறையாது. ஆகவே அங்கே விலை பெறுவது பழமையன்று, அருமையே.

அருமையோ பொருளை ஆக்குவோன் கையில் உள்ளது. 1962-இல் அமெரிக்க அஞ்சல் துறை டாக் ஹாமர்ஷீல்டு நினைவாக வெளியிட்ட நான்கு சென்ட் தலையில், சில தாள்களில் மஞ்சள் நிறம் தலைகீழாக அச்சாயிற்று. கண்டெடுத்தோர் செல்வம் வந்ததென மகிழ்ந்தனர். அஞ்சல் துறைத் தலைவரோ அப்பிழையையே இலட்சக்கணக்கில் மீண்டும் அச்சிடப் பணித்தார். அருமை அழிந்தது, விலையும் வீழ்ந்தது. 2025 அக்டோபரில் கவுன்ட்டர் ஸ்டிரைக்கிலும் இதனையொத்தது நிகழ்ந்தது. ஐந்து சிவப்புத் தரப் பொருள்களைக் கொடுத்து ஒரு கத்தியோ கையுறையோ பெறலாம் என்று நிறுவனம் விதியை மாற்றியதும், அதுவரை அரியனவாயிருந்த கத்திகளின் விலை சரிந்தது. கண்டெடுத்தவரிடம் அஞ்சல் தலையேனும் எஞ்சியது. ஸ்கின் நிறுவனத்தின் கணினியிலேயே உள்ளது; வாங்கினோர்க்கு உள்ளது அதனை ஆளும் இசைவு மட்டுமே.

முடிபு

தமிழ் வழக்கில் முன்றிலுக்கு அமைதி வழங்கியவர் ஒருவரல்லர். தலைமுறை தலைமுறையாகப் பேசியோரும் எழுதியோரும் வழங்கினர். இலக்கணம் அதனை ஏற்றுப் பதிவு செய்தது. அவ்வமைதியை நாளை ஒருவர் ஆணையிட்டு நீக்கவியலாது. விளையாட்டுப் பொருளின் மதிப்பையும் ஆடுவோர் கூட்டமே ஆக்குகின்றது; ஆயின் அதனை நீக்கும் உரிமை அக்கூட்டத்திடம் இல்லை. இவ்வழகியலின் பெருங்குறை இதுவே. பிழையில் அழகு காண்பது குறையன்று; அதனைச் சேமிப்பெனக் கருதிப் பொருளிடுவதே குறை.

ஆதலின், கறுத்த தொலைநோக்கியைக் காட்டி மகிழும் மாணவனை அறிவிலி எனக் கடிதல் வேண்டா. அவன் சுவைப்பது வழுவமைதியே என்பதை அவனுக்குத் தெரிந்த எடுத்துக்காட்டாலேயே வகுப்பில் விளக்கலாம். பின்னர், இவ்வமைதியை வழங்கியவர் யார், நாளை அதனைத் திரும்பப் பெற வல்லவர் யார் என்னும் இரு வினாக்களை அவன் முன் வைக்கலாம். விடையை அவனே எழுதுவான்.