பஸ் வட்டமடித்து வருவதில்லை

மைசூரு அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனத்து ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மெய்நிகர் ஒலிவெளிச் சோதனையில் 8 இடங்கள் உண்டு: முன், பின், இரு பக்கம், நான்கு மூலை. ஹெட்ஃபோனில் இரைச்சல் கேட்கும், எங்கிருந்து வந்ததுன்னு சொல்லணும். சுற்றிலும் ஸ்பீக்கர் அடுக்கிய தனி அறை தேவையில்லை என்பதால் நம்ம ஊருக்குப் பொருத்தமான ஏற்பாடு. ஆனா அந்த ஒலி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

சரி, நகர்த்தினால் போச்சு என்கிறீர்களா? ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் நகர்த்துகிறார்கள்தான். எப்படி? தலையைச் சுற்றி ஒரே தூரத்தில், ஒரே கோண வேகத்தில். என் புகாரே இதுதான்.

தளவானூரில் மகேந்திரவர்மன் குடைவரையைப் பார்த்துவிட்டு ரோட்டைக் கடக்க நிற்கும், காது மந்தமான பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்தில் வரும் பஸ் அவரை 3 மீட்டர் தள்ளித் தாண்டுகிறது. 100 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது அதன் திசை நொடிக்கு அரை டிகிரிகூட மாறாது. தாண்டும் கணத்தில் நொடிக்கு 300 டிகிரிக்கு மேல்! ஹாரன் சுருதியும் அதோடு சுமார் 10 சதவீதம் இறங்கிவிடும். ஆக, அவர் உயிரைக் காப்பது கோணம் இல்லை. சத்தம் எவ்வளவு சீக்கிரம் பெருக்கிறது என்பதுதான். வட்டச் சோதனை அதைத் தொடுவதே இல்லை.

இத்தனைக்கும் 1971-லேயே ஜான் சவுனிங், நகரும் ஒலியைக் கணினியில் செய்வது பற்றிய கட்டுரையில், திசையோடு தூரத்தையும் டாப்ளர் மாற்றத்தையும் சேர்த்தே கொடுத்திருந்தார். தூரத்துக்கு, நேரொலிக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதம். அவர் செய்தது இசைக்காக, நாலு ஸ்பீக்கரில். காது ஆய்வு அதில் திசையை மட்டும் எடுத்துக்கொண்டதோ என்று தோன்றுகிறது.

இன்னொரு சிக்கல். ஹெட்ஃபோன் ஒலி பெரும்பாலும் வேறொருவர் தலையிலும் காதுமடலிலும் அளந்த வடிகட்டி வழியே வருவது. அதனால் முன்னும் பின்னும் குழம்பும். நிஜத்தில் தலையைக் கொஞ்சம் திருப்பினால் தெளிந்துவிடும். ஹான்ஸ் வாலக் 1940-ல் காட்டியது. ஹெட்ஃபோனிலோ, தலை திரும்புவதைக் கண்காணிக்கும் கருவி இல்லாவிட்டால், முழு உலகமும் கூடவே திரும்பும்! வடிகட்டிகளை 5 டிகிரிக்கு ஒன்றாகத் தாவவிட்டால் 'டிக்' சத்தம் வேறு வரும். கேட்பவர் நகர்வை விட்டு அந்த 'டிக்'கைப் பிடித்துக்கொண்டு சரியான விடை சொல்லிவிடுவார்.

எனக்குப் பார்க்க ஆசையான சோதனை ரொம்ப எளிது. நேர்கோட்டில் ஒரு பஸ், தலையில் கண்காணிப்புக் கருவி, ஒரே கேள்வி: இப்ப ரோட்டில் இறங்கலாமா, வேண்டாமா?